ஃபிறீயான மனுசன்

இந்த ‘ஃபிறீ’ என்கிற சொல்லை இங்கிலீசுக்காரன் எந்தக் கேடுகெட்ட நேரத்தில் பெற்றுப் போட்டானோ தெரியாது. அது கப்பலேறி வந்து, ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் குருக்கள்மடத்தில் வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், வினாயகமூர்த்தியின் வளவுக்குள் புகுந்துகொண்டது. புகுந்து, நேரே போய் உதயரூபனின் தலையில் உட்கார்ந்தது. மூன்று வருசமாக இறங்கவில்லை.

“மச்சான் ஃபிறீதானே?” என்பாள் மனைவியின் அக்கா, மூத்த மச்சாள், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. “அத்தான், ஃபிறீயா இருந்தா ஒருக்கா...” என்று இழுப்பாள் மனைவியின் தங்கை விதுர்ஷா, இந்தப் பக்கமிருந்து. கேட்பது கேள்வி மாதிரித்தான் இருக்கும். ஆனால் அவன் வாய் திறக்குமுன் காஸ் சிலிண்டர் ஆட்டோவில் ஏறியிருக்கும், அல்லது டியூசன் பிள்ளை புத்தகப் பையோடு பின்சீட்டில் ஏறியிருக்கும். ஏலாது என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லையா? இருக்கிறது. இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் தூக்கித் தூக்கி அடிப்பான் என்பார்களே, அந்த இரும்பாகப் பிறந்துவிட்டான், பாவி.

எங்கள் பக்கத்தில் வீடு வளவெல்லாம் பெண்பிள்ளைகளுக்குத்தான். கலியாணம் முடித்த ஆண் நாலு சாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு பெண்சாதி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வினாயகமூர்த்திக்கு மூன்று பெண்கள். வளவை மூன்றாகப் பிரித்து மூன்று கல்வீடு கட்டிக் கொடுத்தார். மூத்தவளின் மாப்பிள்ளை வாத்தியார். இளையவள் விதுர்ஷாவின் மாப்பிள்ளை வங்கியில். நடுவிலுள்ள நிருஷாவின் மாப்பிள்ளைதான் உதயரூபன். ஒரு பிள்ளையின் தகப்பன், ஆறு வருசம் கட்டாரில் ட்ரெய்லர் ஓட்டியவன். கம்பனி ஆளைக் குறைத்தபோது குறைந்துபோன ஆட்களில் அவனும் ஒருவன். வந்த கையோடு ஒரு பழைய ஆட்டோ வாங்கினான், ஹயர் ஓடலாம் என்று. எங்கே ஓடுவது? வளவைச் சுற்றியே ஓடித் தீர்க்க முடியவில்லை.

ஆட்டோவை நிழலில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் சில நேரங்களில் அவன் இந்தச் சொல்லைப் பற்றி யோசிப்பான். எத்தனை விதமான ஃபிறீ! கட்டாருக்குப் போனது ‘ஃபிறீ விசா’வில். பேர்தான் ஃபிறீ, நிருஷாவின் காப்பு இரண்டும் அதற்குத்தான் போயின. விதுர்ஷா போடும் நைட்டி ‘ஃபிறீ சைஸ்’, ஆனால் அவளுக்குப் போதாது. மாமாவுக்கு வாங்கும் பிஸ்கட் ‘சுகர் ஃபிறீ’, மனுசன் அதை வாயில் வைத்தாலே திட்டுவார். காதில் செருகுகிற வயர் ‘ஹேன்ட்ஃபிறீ’. மாமாவிடம் டாக்டர் கேட்பது, “ஐயா, வயிறு ஃபிறீயாப் போகுதா?” வாத்தியார் சகலனுக்குப் பள்ளிக்கூடத்தில் கிழமைக்குப் பத்து ‘ஃபிறீ பீரியட்’. அந்த நேரத்தில் ஒரு அவசரத்துக்குக் கூப்பிட்டால் போன் எடுக்கமாட்டார். பாருங்கள், பள்ளிக்கூடத்தில் ஃபிறீயாக இருப்பதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது, வளவில் ஃபிறீயாக இருப்பவனுக்கு பால் விடாத ஒரு பிளேன்ரீயும் கேட்டால்தான்.

சைக்கிளில் ஃபிறீவீல் என்று ஒன்று இருக்கிறதே, பின்னுக்கு மிதித்தால் கிரிக் கிரிக்கென்று சத்தம் போட்டுச் சுற்றும். நாள் முழுக்கச் சுற்றினாலும் சைக்கிள் ஒரு அடி முன்னுக்குப் போகாது. அதுதான் தன்னுடைய சாதகம் என்று அவனுக்குத் தோன்றும். தோன்றிக்கொண்டிருக்கும்போதே யாராவது கூப்பிடுவார்கள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பெரிய வேலை மாமா.

வினாயகமூர்த்தி ஒரு காலத்தில் வட்டவிதானை. வட்டையிலே எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் பாய வேண்டும் என்று அவர் வாய் திறந்து சொன்னால்தான் வாய்க்கால் திறக்கும். அந்த மனுசனுக்கு இப்போது ஒரு நாளைக்கு மூன்று கோப்பைக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் டவுன் ஆசுபத்திரியில் இரத்தம் கழுவுகிற மெசினில் நாலு மணித்தியாலம் கிடக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு ஆட்டோ வெளிக்கிட வேண்டும். எந்தப் பள்ளத்தில் மெதுவாக விழுத்தி எழுப்ப வேண்டும், எந்தக் கையைத் தொடக்கூடாது, மெசினிலிருந்து எழும்பும்போது எந்தப் பக்கம் தோள் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் உதயரூபனுக்குத்தான் தெரியும். தெரிந்து என்ன, வழி நெடுகத் திட்டுத்தான். “மாடு ஓட்டுறவன் மாதிரி ஓட்டாத மருமகன்!” காத்தான்குடி தாண்டும்வரை ஒரு பாட்டம், கல்லடிப் பாலம் வரும்வரை ஒரு பாட்டம். பாலத்தில் மட்டும் வாவிக் காற்று முகத்தில் அடிக்கும்போது கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்.

அந்த ஆசுபத்திரியில்தான் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது.

மாமாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஓட்டமாவடியைச் சேர்ந்த சாலிஹ் என்கிற பெரியவர். அவரைக் கூட்டிவருபவர் அவருடைய தம்பி முத்தலிப் ஹாஜியார். ஓட்டமாவடியில் அரிசி ஆலை வைத்திருப்பவர். மூன்று மாதமாக அவர் உதயரூபனைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை வெளியே மர வாங்கில் உட்கார்ந்து கேட்டார்.

“தம்பி, நீங்க அவருக்கு மகனா?”

“இல்ல ஹாஜியார், மருமகன்.”

“மாஷா அல்லாஹ். மகன்மாரே இப்படித் தூக்கமாட்டானுகள். என்ன தொழில்?”

உதயரூபன் வெட்கத்தோடு சொன்னான். கட்டாரில் ட்ரெய்லர் ஓட்டியதையும், கனரக வாகன லைசன் இருப்பதையும், இப்போது சும்மா இருப்பதையும். ஹாஜியார் வாங்கில் ஒரு தட்டுத் தட்டினார். அவருடைய ஆலை லொறிக்கு டிரைவர் இல்லை. ஓட்டமாவடியிலிருந்து கொழும்புக்கு அரிசி ஏற்றிப் போய்வர வேண்டும். கிழமைக்கு ஒரு பயணம், வியாழன் வெளிக்கிட்டுப் போக வர மூன்று நாள்.

“லைசன் வைச்சிருக்கிறவன் ஆயிரம் பேர் இருக்கான். பொறுப்பான ஆள்தான் இல்ல. நாளைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு போன் எடுக்கன். ஞாயிற்றுக்கிழம வந்து லொறியப் பாரமெடுங்க, இன்ஷா அல்லாஹ்.”

அன்றைக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது மாமா திட்டிய ஒரு வார்த்தையும் உதயரூபனின் காதில் விழவில்லை. பத்துச் சில்லு வண்டியின் ஸ்டியரிங்கை மூன்று வருசத்துக்குப் பிறகு பிடிக்கப்போகும் கை, ஆட்டோவின் ஹேன்டிலில் கிடந்து துடித்தது. யாரோ ஒருவன் அவனைப் பார்த்து ‘உன்னால் ஒரு வேலை ஆகும்’ என்று சொல்லிவிட்டான். அதற்குமேல் ஒரு ஆம்பிளைக்கு என்ன வேண்டும்? வெள்ளிக்கிழமைகளில் மாமாவை வாத்தியார் சகலன் தன்னுடைய காரில் கொண்டுபோகட்டும். கார் எதற்கு இருக்கிறது, கழுவித் துடைத்து வைப்பதற்கா?

வீட்டுக்கு வந்து நிருஷாவிடம் சொன்னான். அவள் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். “ம்” என்றாள். பிறகு, “மூண்டு நாளா?” என்றாள். அவ்வளவுதான்.

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து போன் அவன் கையை விட்டு இறங்கவில்லை. கிணற்றடிக்கும் கொண்டுபோனான். மூன்றரைக்குப் பார்த்தால் பற்றரி செத்துக்கொண்டிருக்கிறது. சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டு, பிள்ளைத்தாய்ச்சிக்குக் காவல் இருக்கிற மாதிரி உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்து வேலிக்கு மேலால் மூத்த மச்சாளின் தலை தெரிந்தது.

“மச்சான் ஃபிறீதானே? மகள் களுவாஞ்சிகுடியில டியூசன் விட்டு ரோட்டில நிக்காளாம். இவர் இப்பதான் சாப்பிட்டுப் படுத்தவர்.”

“மச்சாள், ஒரு போன் வரும்...”

“அஞ்சு நிமிசம்தானே மச்சான். பொம்புளப் புள்ள ரோட்டில நிக்கி.”

பொம்பிளைப் பிள்ளை ரோட்டில் நிற்கிறாள் என்ற பிறகு எந்த ஆண்பிள்ளை கதிரையில் இருப்பான்? போனை நிருஷாவிடம் காட்டி, “வந்தா எடுத்து, அஞ்சு நிமிசத்தில வாறார் எண்டு சொல்லு” என்று சொல்லிவிட்டு ஓடினான். அஞ்சு நிமிசம் முப்பத்தைந்து நிமிசமானது. வந்ததும் வராததுமாகக் கேட்டான்.

“போன் வந்ததா?”

“இல்ல” என்றாள் நிருஷா. அவள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

அந்திக்கு மஃரிபும் போனது, இரவு இஷாவும் போனது. போன் வரவில்லை. தானாக எடுப்போம் என்றால் ஹாஜியாருடைய நம்பரை இவன் வாங்கவில்லை, தன்னுடைய நம்பரைத்தான் கொடுத்தான். ஞாயிறு விடிந்தது. அவன் சேர்ட்டை அயர்ன் பண்ணிக் கொடியில் போட்டிருந்தான். அது அங்கேயே தொங்கியது. பஸ் ஏறி ஓட்டமாவடிக்கே போய் நிற்போமா என்று நினைத்தான். கூப்பிடாத வீட்டுக்குப் போய் வாசலில் நிற்கவா என்று ரோசம் தடுத்தது. அன்றைக்கு வளவுக்கு அவன் கொண்டுவந்து கொடுத்தவை இரண்டு மூடை நெல், ஒரு கட்டு ஓலை, விதுர்ஷாவின் பிள்ளைக்கு இருமல் மருந்து.

பின்னேரம் வாத்தியார் சகலனிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டான். வாத்தியார் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார்.

“ஓட்டமாவடியிலயா? நீங்க என்ன விசர்க் கத கதைக்கிறீங்க சகலன். அவங்க அவங்கட ஆள விட்டுப்போட்டு நம்மட ஆளுக்குக் குடுப்பாங்களா? முகத்துக்கு நேர சிரிப்பாங்க. மறுகா அவங்கட சொந்தக்காரன் ஒருத்தனப் போட்டிருப்பாங்க. ஃபிறீயா விடுங்க.”

ஃபிறீயா விடுங்க! இது இன்னொரு ஃபிறீ. ஆனால் அந்தக் கதை உதயரூபனின் நெஞ்சில் நன்றாகப் போய் ஒட்டிக்கொண்டது. ஏமாந்தவனுக்கு யாரையாவது நோக வேண்டும் அல்லவா? தன்னை நோவதைவிட ஓட்டமாவடியை நோவது சுகமாக இருந்தது. கட்டாரில் ஆறு வருசம் ஏறாவூர்க்காரன் ஸாஹிரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன், திங்கட்கிழமை முழுக்க, “அவங்கட புத்தி அப்படித்தான்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு திரிந்தான். எங்கள் ஊர்களில் இது ஒரு சீக்கு. போன் வராவிட்டாலும் அதற்கு ஒரு இனம் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஆசுபத்திரியில் முத்தலிப் ஹாஜியாரைக் கண்டதும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். மாமாவை மெசினில் படுக்க வைத்துவிட்டு, பின் வாசலால் இறங்கி மருதமரத்துக்குக் கீழே போய் நின்றான். ஹாஜியார் அங்கேயும் வந்துவிட்டார். முகத்தில் ஒரு குறை.

“தம்பி, வேற வேல கிடைச்சா ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. நான் ஒண்டும் நினைக்கமாட்டன். ஆனா ஞாயிற்றுக்கிழம நீங்க எடுப்பீங்க எண்டு லொறிக்கு டீசலும் அடிச்சி வைச்சிருந்தன்.”

“என்ன வேல? ஆருக்கு?” என்றான் உதயரூபன். குரல் கொஞ்சம் சூடாகவே வந்தது.

“நான் போன் எடுத்தன்தானே. அஸர் தொழுதுபோட்டு வந்த கையோட. உங்கட வீட்டில புள்ளதான் எடுத்தா. அவர் இனி ஃபிறீ இல்ல, எடுக்க வேணாம் எண்டா. நானும் மறுகா கரைச்சல் குடுக்கல்ல.”

மூன்று வருசமாக, உலகத்தில் யார் கேட்டாலும் ஃபிறீ, எந்த நேரத்தில் கேட்டாலும் ஃபிறீ. அந்த வளவில் ஒரேயொரு தரம் ஒருவர் அவனை ஃபிறீ இல்லை என்று சொல்லியிருக்கிறார். அதுவும் வேலை தர வந்த மனுசனிடம். சொன்னவள் வேறு யாருமில்லை, அவனோடு ஒரே பாயில் படுக்கிறவள்.

பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வெட்கம். “எங்கயோ பிசகிப் போச்சி ஹாஜியார்” என்று மட்டும் சொன்னான். ஹாஜியார் தலையை ஆட்டினார். பெண்சாதி பிள்ளை உள்ள மனுசன், விளங்கியிருக்கும்.

“சரி. உங்களுக்குப் பதிலா அம்ஜத் எண்டு ஒரு பொடியனப் பேசியிருந்தன். அவனுக்கு சவூதி விசா வந்திட்டு, இனி வரமாட்டான். வியாழக்கிழம காலையில லொறி கொழும்புக்கு வெளிக்கிட வேணும். இண்டைக்கு ஆறு மணிக்கிடையில ஒரு முடிவு சொல்லுங்க. பொறகு நான் வேற ஆளப் பாக்க வேணும், என்னில கோவிக்கக் கூடா.”

இந்த முறை நம்பரை வாங்கி, அங்கேயே நின்று ஒருதரம் அடித்து, ஹாஜியாரின் போன் அடிக்கிறதா என்று காதால் கேட்ட பிறகுதான் விட்டான். அவரைப் பற்றித் திங்கட்கிழமை நினைத்ததையெல்லாம் நினைத்தபோது முகம் எரிந்தது.

திரும்பும் வழியில் மாமா திட்டவில்லை. அன்றைக்கு மெசினிலிருந்து எழும்பிய மனுசனுக்கு மூச்சு விடவே பெலன் இருக்கவில்லை. கல்லடிப் பாலம், காத்தான்குடிச் சனம், ஆரையம்பதி, எல்லாம் வந்து போயின. அவன் மனதுக்குள் நிருஷாவோடு சண்டை பிடித்துக்கொண்டே வந்தான். நல்ல நல்ல வார்த்தைகளாக எடுத்து அடுக்கினான். வளவு வாசலில் ஆட்டோவை நிறுத்தியபோது ஒன்றும் மிச்சமில்லை, கோபம் மட்டும் இருந்தது.

மாமாவைத் தங்கள் வீட்டில் அவருடைய அறையில் கிடத்திவிட்டு, நேரே குசினிக்குப் போனான்.

“சனிக்கிழம போன் வந்ததா இல்லையா?”

நிருஷாவின் கை அரிசிக்குள் நின்றது.

“சொல்லு புள்ள. நான் ஹாஜியாரக் கண்டன்.”

“வந்தது” என்றாள். “நான்தான் சொன்னன். நீங்க ஃபிறீ இல்ல எண்டு நான்தான் சொன்னன். மறுகா அந்த நம்பர போனிலயிருந்து அழிச்சதும் நான்தான். அடிக்கிறதெண்டா அடிங்க.”

அடிக்கவா வந்தான்? அவனுக்கு அழுகைதான் வந்தது.

“ஏன்கா இப்படிச் செஞ்ச? மூண்டு வருசமா இந்த வளவில ஒரு நாய் மாதிரி ஓடித் திரியிறன். ஒரு மனுசன் கூப்பிட்டு வேல தாறன் எண்டான். உனக்கு அது பொறுக்கல்லையா?”

“நாய் மாதிரி எண்டு ஆரு சொன்ன?” அவளும் வெடித்தாள். “ஆறு வருசம் நீங்க கட்டாரில இருந்தீங்க. புள்ளைக்கு டெங்கு வந்து கிடக்கக்குள்ள ஆரு இருந்த? ரெண்டு பக்கமும் அக்காவும் தங்கச்சியும் புருசனோட சிரிச்சிக் கதைச்சிக்கொண்டு இருப்பாளுகள். நான் நடுவில கதவுக்குக் கதிரைய முட்டுக் குடுத்துப்போட்டுப் படுப்பன். நீங்க சும்மா இருந்தாலும் எனக்குக் காணும். கண்ணுக்கு முன்னால இருக்கீங்க. லொறியில போற மனுசன் எண்டா, போன் அடிக்கிற நேரமெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும்.”

அவன் கொஞ்சம் இளகித்தான் போனான். இரும்பின் குணம் அது. ஆனாலும் இந்த முறை விடவில்லை.

“கட்டாருக்கும் கொழும்புக்கும் வித்தியாசம் இல்லையா நிருஷா? மூண்டு நாள். மூண்டே மூண்டு நாள். நான் வியாழக்கிழம போறன். ஆரு என்ன சொன்னாலும் போறன்.”

“என்னட்டச் சொல்லாதீங்க” என்றாள் அவள், கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு. “உள்ளுக்குப் போய் அப்பாட்டச் சொல்லுங்க.”

அதற்கு முன்னமே உள்ளேயிருந்து சத்தம் வந்தது. “மருமகன்.”

ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் வெளி. குசினியில் கதைத்த அவ்வளவும் அறைக்குக் கேட்டிருக்கும். உதயரூபன் போய் வாசல் நிலையில் நின்றான். கிழவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

“அவளக் கோவிக்காத. நான்தான் சொல்லச் சொன்னன்.”

“என்ன மாமா?”

“வெள்ளிக்கிழம ராவைக்கு அவள் வந்து சொன்னாள், உனக்கு லொறி வேல வருது எண்டு. சந்தோசமாவும் சொன்னாள், பயமாவும் சொன்னாள். நான்தான், அந்தாள் போன் எடுத்தா மாட்டன் எண்டு சொல்லு எண்டன். அவள் ஏலாது எண்டுதான் சொன்னவள். நான் கையெடுத்துக் கும்பிட்டன்.”

உதயரூபனுக்குக் காதை நம்ப முடியவில்லை. வட்டவிதானை வினாயகமூர்த்தி கையெடுத்துக் கும்பிட்டது கண்ணகை அம்மன் ஒருத்தியைத்தான் என்று ஊர் சொல்லும்.

“போன மாசம் நீ காய்ச்சலாக் கிடந்த அண்டைக்கு வாத்திதான் என்னக் கூட்டிப் போனவன். தெரியும்தானே?” கிழவர் சுவரை நகத்தால் சுரண்டினார். “மெசினில இருந்து எழும்பக்குள்ள தல சுத்திச்சி. கையப் புடிக்க ஆளில்ல. அவன் வெளிய நிண்டு போன் கதைச்சவன். நான் விழுந்தன். நிலத்தில, குப்புற. சாரமும் கழண்டு போச்சி. அண்டைக்கு நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. இந்த வாயால நூறு பேர அதட்டினவன் நான். நிலத்தில கிடந்துகொண்டு உன்ர பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கன் எண்டு அந்தத் தாதிப் புள்ள சொல்லிச்சி.”

அந்தப் பேரை அவர் உதயரூபனுடைய முகத்துக்கு நேரே ஒரு நாளும் சொன்னதில்லை.

“எனக்குச் சாகப் பயமா இருக்கு, தம்பி. எல்லாரும் வயசு போனா பயம் போயிரும் எண்டு சொல்லுவாங்க. பொய். கூடத்தான் செய்யுது. நீ பக்கத்தில நிண்டா கொஞ்சம் குறையுது. வேற ஒண்டுமில்ல. நீ போறதெண்டாப் போ. நீ சின்ன வயசு, உனக்கும் ஒரு வாழ்க்க இருக்கு. நான் மறிக்கல்ல. ஆனா வெள்ளிக்கிழம நான் வாத்தியோட ஏறமாட்டன். ஏறாட்டி என்ன நடக்கும் எண்டு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

மறிக்கவில்லையாம்! இதற்குமேல் ஒரு மனுசனை எப்படி மறிப்பது? கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசற்படியில் தானே குறுக்கே படுத்துக்கொள்கிற மாதிரி. உதயரூபனுக்குக் கிழவரின் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அதே நேரம், கட்டிலிலிருந்து சரிந்து தொங்கிய காலைத் தூக்கி மேலே வைக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டாவதைத்தான் செய்தான். கால் வீங்கி, விரல் பட்ட இடம் பள்ளமாக நின்றது.

முற்றத்துக்கு வந்தான். மணி ஐந்தரை. வாத்தியாரிடம் போய்ச் சண்டை பிடிப்போமா என்று வேலிவரை நடந்தான். அங்கே கார் நிற்கவில்லை; கலியாண வீடொன்றுக்குப் போய்விட்டார்கள். வங்கிக்காரனைக் கேட்டால் லீவில்லை என்பான், அது உண்மையாகவும் இருக்கும். வாடகைக்கு ஒரு ஆள் பிடித்து அனுப்பலாமா? வாடகைக்காரனுக்கு எந்தக் கையைத் தொடக்கூடாது என்று சொல்லிக் கொடுக்கலாம். விழப்போகிறவர் யாருடைய பேரைச் சொல்லிக் கூப்பிடுவார் என்று சொல்லிக் கொடுக்க முடியுமா? வளவை மூன்று தரம் சுற்றினான். வாசல் திறந்துதான் கிடந்தது, ஒழுங்கை மெயின் ரோட்டுக்குத்தான் போனது, மெயின் ரோட்டில் கொழும்புவரைக்கும் போகலாம். கால்தான் வாசலைத் தாண்டவில்லை.

ஆறு மணிக்குப் பத்து நிமிசம் இருக்க, முற்றத்து மாமரத்துக்குக் கீழே நின்று நம்பரை அடித்தான்.

“சொல்லுங்க தம்பி. என்ன முடிவு?”

“ஹாஜியார்...” போனை மற்றக் காதுக்கு மாற்றினான். “எனக்கு வர ஏலாது. எனக்கு இஞ்ச வேல இருக்கு.”

அந்தப் பக்கம் ஆலையின் சத்தத்துக்கு மேலால் ஹாஜியார் மனம் நிறைந்து சிரித்தார்.

“அப்ப அண்டைக்குப் புள்ள சொன்னது சரிதான். நான்தான் பிழையா விளங்கிட்டன் எண்டு நினைச்சன். அல்ஹம்துலில்லாஹ்! உங்கட குணத்துக்கு எங்க போனாலும் வேல கிடைக்கும் தம்பி. எங்க வேல? நல்ல இடமா? சம்பளம் என்ன மாதிரி, எங்கடயவிடக் கூடவா?”

குசினி வாசலில் நிருஷா நின்றாள். உள்ளே கிழவரின் இருமல் நின்றுபோயிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் விதுர்ஷா பிள்ளைக்குச் சோறு தீத்துவதை நிறுத்திவிட்டு நின்றாள். மூன்று வருசத்தில் முதல்தடவையாக அந்த வளவு முழுவதும், அவன் என்ன சொல்லப்போகிறான் என்று கேட்டுக்கொண்டு நின்றது.

“நல்ல இடம் ஹாஜியார்” என்றான் உதயரூபன். சம்பளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஹாஜியார் தொழுகையில் துஆச் செய்வதாகச் சொன்னார், மாமாவைச் சுகம் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், வைத்துவிட்டார். உதயரூபன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் திரும்பி அவர்களுடைய முகங்களைப் பார்க்க வேண்டும். கண்ணீர் தாடையால் இறங்கிச் சட்டைக் கழுத்தை நனைத்துக்கொண்டிருந்தது. யாருமில்லாத அந்தப் போனில், “ஓம் ஹாஜியார், ஓம், ஓம்” என்று சொல்லிக்கொண்டே நின்றான்.